புள்ளி வழங்கப்படாத எழுத்து

வடமராட்சியிலே, கரவெட்டியிலோ புலோலியிலோ பருத்தித்துறையிலோ பிறந்த ஒருவர் புகையிரதத்தில் தென்னிலங்கை செல்ல விரும்பின், அவருக்குக் கிட்டிய நிலையம் எமது கொடிகாமமே. பருத்தித்துறை வீதிவழியே தட்டிவானிலும் பஸ்ஸிலும் வந்து, பெட்டியை மேடையில் இறக்கி வைத்து, வண்டியை எதிர்நோக்கி நின்ற தலைமுறைகள் பல. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. அதன்பின் அவ்வாறு நின்றோருள் பல்கலைக்கழக மாணவரும் சேர்ந்தனர். பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டு வண்டிக்கு மாறி, மகாவலிக் கரையிலுள்ள வளாகத்தை அவர்கள் அடைந்தனர். தேங்காய்க்கும் மாவுக்கும் பலாவுக்கும் பேர்போன தென்மராட்சிக்கு ஈழத்து இலக்கிய வரலாற்றில் என்ன இடமுண்டு என்று எம்மைக் கேலி செய்வோர் உளர். வழியனுப்பி வைத்த இடம் என்று சொல்லிக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை.

அங்குச் சென்றோரிற் சிலர் பட்டத்துடன் வேறொன்றையும் கொண்டு திரும்பினர். தாமே தெரிந்த பொருளில், தாமே எழுதி, தாமே முடித்த கதையும் கவிதையும் நாடகமுமே அவை. பல்கலைக்கழகம் அவற்றைக் கேட்கவில்லை. அவற்றுக்குப் புள்ளி வழங்கவுமில்லை. பரீட்சை நெருங்க நெருங்க அவற்றை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை என்று பெற்றோரும் நண்பரும் புத்தி கூறியிருப்பர். இருந்தும் எழுதினர், எழுதத் தொடங்கியதோடமையாது முடித்தும் வைத்தனர். எவ்வாறு முடிந்தது? திறமை இருந்தது, எழுதினார்கள் என்னும் விடை எமக்குப் போதுமானதன்று. திறமை எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் பிறக்கின்றது. அது எழுத்தாக முற்றுப்பெறும் காலமோ சிலவே. அக்காலங்களுள் ஒன்றனையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. 1943இல் விபுலாநந்த அடிகள் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் அவர் மறைந்தபின் அப்பதவிக்கு வந்தவர் புலோலியைச் சேர்ந்த க. கணபதிப்பிள்ளை. தமிழ்த்துறைப் பாடத்திட்டம் சங்க இலக்கியம், இலக்கணம், சாசனம், இலக்கிய வரலாறு என்னும் எல்லைக்குள் அமைந்தது. மாணவன் பிறர் எழுதியதை விளக்குதல் வேண்டும், ஆராய்தல் வேண்டும், ஒப்புநோக்குதல் வேண்டும். அவன் ஒன்றை ஆக்குதல் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டிலேயே ஆக்க இலக்கியப் படைப்பை உயர்பட்டத்துக்குரிய ஆய்வேட்டின் இடத்தில் ஏற்க முன்வந்தது. 1936இல் எழுத்துப் பட்டறை ஒன்றையும் அங்குத் தொடங்கினர். எம்மவரிடம் அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அது குறையென்று மட்டும் நாம் கருதவில்லை. புள்ளியிடப்படாத எழுத்து புள்ளியிடுவோரின் சுவைக்குப் பணியவேண்டியதில்லை அன்றோ?

பாடத்திட்டம் மூடிய கதவைப் பேராசிரியரே புறவழியாகத் திறந்து வைத்தார் என்பதுதான் வியப்பு. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுச் சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் கணபதிப்பிள்ளை. அத்தகையவர் எழுதிய நாடகங்களில் மாந்தர் பேசியதோ யாழ்ப்பாணத்துக் கிராமத்தார் வீட்டுத் திண்ணையிற் பேசும் பேச்சு. 1940இல் வெளிவந்த 'நானாடகம்' என்னும் தொகுதியில் 'உடையார் மிடுக்கு', 'கண்ணன் கூத்து', 'முருகன் திருகுதாளம்', 'நாட்டவன் நகர வாழ்க்கை' என நான்கு நாடகங்கள் உள்ளன. தலைப்புகளே சொல்லும், அவர் எவரை நோக்கி நகைத்தார் என்பதை. உடையார் என்போர் அந்நிய ஆட்சியின் கிராமத்துக் கைகள். அவர்களின் மிடுக்கை மேடையில் வைத்துச் சிரிக்க வைத்தல் அன்று சிறிய செயலன்று. 1952இல் 'இருநாடகம்' வந்தது; 1956இல் வரலாற்று நாடகமான 'சங்கிலி' வந்தது.

இந்நாடகங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் மேடைக்கென எழுந்தவை, நடித்தோர் மாணவர். மேடையேறிய மாணவருள் ஒருவர் கரவெட்டியைச் சேர்ந்த கா. சிவத்தம்பி. இவரும் இவருடன் பேராதனையிற் பயின்ற க. கைலாசபதியும் பின்னர் பேர்மிங்காம் சென்று, மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தனர். சிவத்தம்பி எடுத்துக்கொண்ட பொருள் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்பதாகும். அரிதாரம் பூசிய மாணவனே நாடகத்தின் சமூகத் தோற்றுவாயை ஆராயப் புகுந்தான் என்பதைத் தற்செயல் என்று தள்ள எமக்கு மனம் வரவில்லை. மேடையிலே தன் ஊர்ப் பேச்சைத் தன் வாயாற் பேசி, அதற்குச் சபை சிரிப்பதையும் மௌனமாவதையும் கண்டவனுக்கு, இலக்கியம் மக்களிடமிருந்து வருகின்றது என்பதை எவரும் நூல்கொண்டு நிறுவத் தேவையில்லை.

தமிழ்ச் சங்கத்திற்கு 'இளங்கதிர்' என்றோர் ஆண்டுமலரும் இருந்தது. ஆண்டுமலர் என்பதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடுவதுண்டு. மாணவ எழுத்தாளனுக்கு வேண்டுவது ஊக்கம் மட்டுமன்று, தவணையும் வேண்டும். மலர் அச்சுக்குப் போகும் நாள் ஒன்றிருக்கின்றது. நாடக விழா நாள் ஒன்றிருக்கின்றது. அந்நாள் வருமுன் எழுதியது முடிந்தாதல் வேண்டும். பெட்டியடியிற் கிடந்து மஞ்சளாகும் அரைக்கதைகளின் தொகையைக் குறைப்பது இத்தகைய நாட்களே.

இதுவரை கூறியவை ஒரு சிறு கூட்டத்தாருக்கு மட்டுமே உரியவையாக நின்றிருக்கக் கூடும். அவ்வாறு நில்லாமற் செய்தவை இரண்டு. முதலாவது, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி. அதுவரை உயர்நிலைக் கல்வி ஆங்கிலப் பள்ளிகளில் கட்டணம் செலுத்த வல்லாரின் உடைமையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் அது சாதியின் உடைமையாகவும் இருந்தது. இலவசக் கல்வி அவ்வேலியை வேரோடு பிடுங்கிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். பொட்டொன்று விட்டது என்பது உண்மை. கிராமங்களில் எழுந்த மத்திய மகா வித்தியாலயங்களின் வழியாக விவசாயி மகனும் கூலியாள் மகனும் நுழைந்தனர். இரண்டாவது, 1960இல் கலைப்பீடத்திற் சுயமொழிக் கல்வி தொடங்கியமை. பொருளியலும் புவியியலும் வரலாறும் தமிழிற் கற்பிக்கப்பட்டன. சிந்திப்பதற்கு ஒரு மொழி, எழுதுவதற்கு வேறொரு மொழி என்ற பிளவு அம்மாணவருக்கு இல்லாது போயிற்று.

இந்த ஆதாயத்திற்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் 1958இன் வன்செயல்களும் கடந்த நாட்டிலே, ஒரே மண்டபத்தில் ஒரே ஆங்கில விரிவுரையைக் கேட்ட சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் இப்போது வெவ்வேறு அறைகளில் அமர்ந்தனர். சுயமொழிக் கல்வியை நாம் ஆதரிப்பவர்கள். ஆயினும் அவ்விரு அறைகளுக்கும் இடையே எழுந்த சுவரைக் காணாததுபோற் பாவனை செய்தல் நேர்மையன்று.

1960களின் முன்பாதியிற் பேராதனைத் தமிழ் மாணவரிடையே சிறுகதை ஓர் அலையென எழுந்தது. 'கதைப்பூங்கா', 'விண்ணும் மண்ணும்', 'காலத்தின் குரல்கள்' என்னும் தொகுதிகள் மாணவர் எழுதி, மாணவர் தொகுத்து, மாணவரே வெளியிட்டவை. அம்முயற்சிகளின் முன்னணியில் நின்றவருள் ஒருவர் க. குணராசா. செங்கை ஆழியான் என்ற பெயரில் ஈழம் முழுவதும் அறிந்த நாவலாசிரியராகப் பின்னர் விளங்கியவர் அவரே. அவர் தமிழ்த்துறை மாணவரல்லர், புவியியல் மாணவர். இது கவனிக்கத்தக்கது. இலக்கியம் தமிழ்த்துறையின் வீட்டுச் சொத்து என்னும் எண்ணம் சுயமொழிக் கல்வியால் ஆட்டங்கண்டது. நிலத்தையும் காற்றையும் கடலையும் தமிழிற் படித்தவர் 'வாடைக்காற்று' எழுதினார்; அது 1973இல் நூலாயிற்று.

கரவெட்டியிலிருந்து சென்ற செ. யோகநாதனின் 'யோகநாதன் கதைகள்' 1964இல் வந்தது. அதே ஊரைச் சேர்ந்த செ. கதிர்காமநாதனும் பேராதனை மாணவரே. மலையகத்திலிருந்து வீட்டுவேலைக்கெனக் கொண்டுவரப்படும் சிறுமியரின் அவலத்தை இவர் 'வெறுஞ் சோற்றுக்கே வந்தது' என்னும் கதையில் எழுதினார். யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் தன் அடுக்களையிலேயே கண்டும் காணாதிருந்த ஒன்றை, அவ்வர்க்கத்தின் அயலில் வளர்ந்த இளைஞரே எடுத்துரைத்தார். 1968இல் 'கொட்டும் பனி' என்னும் தொகுதி வந்தது. 1972இல், முப்பது வயதளவில், அவர் மறைந்தார். அக்கதையை நாம் வகுப்பிற் படித்துக்காட்டும்போதெல்லாம் சில பிள்ளைகள் தலைகுனிந்து கொள்வதைக் காண்கின்றோம். காரணத்தை நாம் கேட்பதில்லை.

பெண்களும் இருந்தனர். பேராதனையிற் பயின்ற பவானி ஆழ்வாப்பிள்ளையின் 'கடவுளரும் மனிதரும்' 1962இல் வெளிவந்தது. காதல், திருமணம், ஒழுக்கம் பற்றி அன்றைய யாழ்ப்பாணம் பெண்ணுக்கு விதித்திருந்த எல்லைகளை அக்கதைகள் தாண்டின. வீட்டுக் கூரையின் கீழ் அக்கதைகள் முடிந்திருக்குமோ என்பது எமது ஐயம். விடுதி அறையொன்று, கதவைச் சாத்தும் உரிமை, அடுக்களைக்கு அழைக்கப்படாத மாலை ஆகியவற்றை உணர்ந்தவருக்கே ஒரு கதையை அதன் கடைசி வரிவரை கொண்டு செல்வதன் பொருள் விளங்கும். அருணாசலம் என்றும் இராமநாதன் என்றும் பெருமக்களின் பெயரைச் சுமந்து நின்ற பேராதனை விடுதிகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் கட்டட அழகையே பெரிதும் பேசுவர். அங்கு நேரத்துக்கு உணவு கிடைத்தது, இரவில் விளக்கெரிந்தது என்பவை எமக்கு அதனினும் முக்கியமானவை.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேறொரு சண்டை நடந்தது. மக்கள் பேச்சைக் கதையில் எழுதுவதை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதருட் சிலர் இகழ்ந்தனர். 1962, 1963 ஆண்டுகளில் 'மரபுப் போராட்டம்' என்று பெயர்பெற்ற அவ்விவாதத்தில், 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தாரும் கைலாசபதி, சிவத்தம்பி போன்ற திறனாய்வாளரும் மறுபக்கம் நின்றனர். இழிசனர் என்ற சொல்லில் இலக்கணம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. மாணவ எழுத்தாளருக்கு இவ்விவாதத்தில் ஒரு பலம் இருந்தது. பேச்சுத்தமிழுக்குப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரே இரு தசாப்தங்களுக்கு முன்பு மேடையமைத்துக் கொடுத்திருந்தார். சாசனங்களைக் கரைத்துக் குடித்தவரைத் தமிழறியாதவர் என்று எப்பண்டிதர் சொல்ல வல்லார்?

மாணவன் ஒருவன் கல்லூரிக் காலத்திலேயே தொடங்கி முடித்த ஆக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கேட்பின், நாம் முதலிற் காட்டுவது 'இராவணேசன்'. பேராதனையில் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவர முனைந்தார். அதே வளாகத்தின் ஆசிரியரான எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை நாட்டார் அரங்க மரபிலிருந்து வார்த்தெடுத்து அரங்கேற்றியிருந்தார். அவ்வெற்றி தமிழர் தம் கூத்தைத் திரும்பிப் பார்க்கவும் ஒரு தூண்டுதலாயிற்று. இரு அறைகளுக்கிடையே சுவரெழுந்தது என்றோம். மத்தள ஓசை அச்சுவரைக் கடந்தது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.

கூத்து என்றால் படியாதோர் விடியவிடிய ஆடும் ஆட்டம் என்பதே அன்றைய கற்றோர் கருத்து. வட்டக்களரியில் இரவு முழுதும் ஆடப்பட்டதைச் சுருக்கி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடக்கி, படச்சட்ட மேடைக்கேற்ப வித்தியானந்தன் அமைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்'. இவ்விரண்டும் மரபிலிருந்த கூத்துகள்; சுருக்கலும் செப்பமிடலுமே அவற்றில் நடந்தன. அடுத்த படி புதிதாக ஒன்றை எழுதுதல். அதனை எழுதியவர் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து, வந்தாறுமூலை மத்திய கல்லூரியிற் பயின்று, பேராதனைக்கு வந்த சி. மௌனகுரு என்னும் மாணவர். இருபது வயதைச் சற்றே கடந்தவர். 'கர்ணன் போர்' கூத்தில் ஆடியவர்.

அவர் செய்ததை எளிதென எண்ணற்க. வடமோடிக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய தாளக்கட்டு உண்டு, வரவுப்பாட்டு உண்டு, ஆட்ட முறை உண்டு. சொல் தாளத்திற் பொருந்தாவிடின் ஆடுவோன் கால் தடுக்கும். நூலைப் படித்து மட்டும் அதனை எழுத முடியாது. களரியில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடிய காலே பேனாவுக்கு வழிகாட்டுதல் வேண்டும். அதே வேளை, காவியமும் நவீன நாடக இலக்கணமும் அறியாத காலால் இராவணனின் அவலத்தை எழுதவும் முடியாது. இரண்டும் ஒருவரிடத்திற் கூடியது எப்படி? கூத்தாடும் கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழக வாயிலைக் கடந்தமையாற் கூடியது. இலவசக் கல்வி இல்லையேல் அப்பிள்ளை கிராமத்திலும், பேராதனைத் தமிழ்த்துறை நூலகத்திலும் தனித்தனியே நின்றிருக்கும். 'இராவணேசன்' மேடையேறியபோது இராவணனாக ஆடியவரும் அவரே.

புகழெல்லாம் நெறியாளருக்கே சென்றது என்று சிலர் குறைபடுவர். அது முற்றிலும் நியாயமன்று. ஆசிரியர் ஒருவர் தம் மாணவன் எழுதியதைப் பயிற்சித்தாளாகக் கருதித் திருத்திக் கொடாமல், அரங்கேற்றத்தக்க பிரதியாக மதித்து மேடையில் வைத்தார். அத்தகைய ஆசிரியர் எத்தனை பேரை நாம் கண்டிருக்கின்றோம்?

பேராதனையின் அவ்வூக்கத்திற் பெரும்பகுதி பின்னர் வடக்கே பெயர்ந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதற்றலைவர் கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தர் வித்தியானந்தன். மாணவ நடிகரும் மாணவ எழுத்தாளரும் ஆசிரியராய் வந்தமர்ந்தனர். ஆட்களைப் பொறுத்தவரை குறைவில்லை. குறைந்தவை வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983க்குப் பின் போர் மூண்டது. 1990இல் கொடிகாம நிலையத்துக்கு வண்டி வருவது நின்றது. பின்னர் தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டைகளும் பெயர்க்கப்பட்டு, பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி சிவரமணி 1968இற் பிறந்தவர். ஈழத்துப் பெண் கவிஞரின் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்' 1986இல் வெளிவந்தபோது அதில் அவர் கவிதைகளும் இடம்பெற்றன. போர்க்காலத்தில் இளமை எவ்வாறு இளமையாக இருக்க முடியாமற் போகின்றது என்பதை அவர்போல் எழுதினார் சிலரே. 1991 மே மாதம் அவர் தம் கவிதைகளைத் தீயிலிட்டுத் தம் வாழ்வையும் முடித்துக்கொண்டார். இன்று நாம் படிக்கும் 'சிவரமணி கவிதைகள்' பிறர் கையில் இருந்தமையால் எஞ்சியவை. அதே ஆண்டு ஓகஸ்டில், அரங்கியல் மாணவியும் கவிஞருமான செல்வி தமிழீழ விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டார், அவர் திரும்பவில்லை. பென் அமைப்பின் அமெரிக்கக் கிளையொன்று 1992இல் அவருக்கு விருதளித்தபோது, அதைப் பெற அவர் இருக்கவில்லை.

இவ்விருவரும் பேராதனையாரினும் திறமையிற் குறைந்தவர் என்று எவரும் சொல்லார். அறையும் விளக்கும் உணவும் போனதோடு, எழுதியதைப் பயமின்றி இன்னொருவரிடம் நீட்டும் உரிமையும் போயிற்று. ஒடுக்குபவன் அயலான் என்னும்போது அதனைச் சொல்ல எம்மவர் தயங்குவதில்லை; தம்மவன் என்னும்போது குரல் தாழ்கின்றது. முற்போக்கு என்று தம்மை அழைத்துக்கொள்வோரிலும் பலரின் குரல் அன்று தாழ்ந்திருந்தது.

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. கொடிகாமத்திலிருந்து இன்றும் பிள்ளைகள் பேராதனைக்குச் செல்கின்றனர், மட்டக்களப்புக்கும் செல்கின்றனர். பாடசாலையில் அவர்கள் தமிழ்த்தினப் போட்டிக்குச் சிறுகதை எழுதியிருப்பர். தலைப்பைப் பிறர் கொடுப்பர், நேரத்தைப் பிறர் அளப்பர், மணி அடித்ததும் தாளை வாங்கிக்கொள்வர். செயற்றிட்டம் என்ற பெயரிலும் கோவைகள் பல தயாரித்திருப்பர். அவற்றின் அட்டைக்குச் செலவான நேரம் உள்ளடக்கத்துக்குச் செலவாவதில்லை. போட்டி கூடாதென்பதன்று எம் கருத்து. தலைப்பும் தவணையும் தானே வகுத்து எழுதிப் பழகாத பிள்ளைக்கு, கேட்கப்படாத ஒன்றை எழுதலாம் என்ற நினைவே எழுவதில்லை என்கின்றோம். பழைய 'இளங்கதிர்' மலர்கள் இன்று நூலகம் மின்நூலகத்திற் படிக்கக் கிடைக்கின்றன. உயர்தர வகுப்பாருக்கு அவற்றைக் காட்டினோம். எழுதியவரின் வயதை அறிந்தபின் அவர்கள் கேட்ட முதற்கேள்வி, "இதற்கு எத்தனை புள்ளி, சேர்?" என்பதாகும்.

மௌனகுருவோ 'இராவணேசன்' பிரதியை முடிந்ததாகக் கருதவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது அதனை மீண்டும் கையிலெடுத்து, மாற்றி எழுதி, 2001இல் அங்குள்ள மாணவரைக் கொண்டு மட்டக்களப்பில் மேடையேற்றினார். அப்போது நாட்டிற் போர் நடந்துகொண்டிருந்தது.